இரைச்சலை விலைக்கு வாங்குதல்

சென்ற வாரம் முதுகலை மாணவர் ஒருவர் உள்பெட்டியில் கேட்டிருந்தார்: “அண்ணா, 25,000 ரூபாய்க்குள் ஹெவி மெட்டல் வாசிக்கத் தக்க எலெக்ட்ரிக் கிதாரும் ஆம்ப்பும் வாங்க இயலுமா?” இயலும் என்று ஒரு சொல்லில் விடையளித்திருக்கலாம். ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வியோடு, ஏறத்தாழ இதே தொகையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கொல்கத்தாவில் அலைந்தவன் நான். அந்த அலைச்சல் கிதாரோடு நிற்கவில்லை. ஆகவே விடை ஒரு நீண்ட பதிவாகிவிட்டது. கிதார் வாங்க விரும்புவோருக்கு வேண்டிய செய்திகள் அனைத்தும் இதற்குள் உள்ளன. இடையிடையே என் தந்தையாரும் வருவார், பொறுத்தருள்க.

ஹூக்ளி ஆற்றங்கரைச் சணல் ஆலைத் தொழிலாளர்களின் வரலாறு என் ஆய்வுப் பொருள். சொந்த ஊர் குமாரபாளையம். அப்பா 31 ஆண்டுகளாக விசைத்தறிக் கூடத்தில் தறி ஓட்டுகிறார். அவ்வாண்டு எனக்கு வரவேண்டிய உதவித்தொகை ஐந்து மாதங்கள் வராமலிருந்து, பின்பு ஒரே நாளில் மொத்தமாக வந்து சேர்ந்தது. விடுதி உணவுக் கட்டணத்தையும் நண்பர்களிடம் வாங்கிய கைமாற்றையும் தீர்த்து, வீட்டுக்கு அனுப்பவேண்டியதை அனுப்பிய பின் கையில் 25,000 ரூபாய் எஞ்சியது. நான்கு ஆண்டு ஆய்வு வாழ்க்கையில் எவருக்கும் கடன்படாத பணம் என்று என்னிடம் இருந்தது அதுவே முதன்முறை.

அதைக் கொண்டு கிதார் வாங்கப் போகிறேன் என்று வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அப்பாவுக்குத் தொலைபேசியில் பேச்சு பிடிபடாது. அம்மா உரத்த குரலில் எடுத்துச் சொன்னார். எப்படிப்பட்ட இசை என்று அப்பா கேட்டிருக்கவேண்டும். நான் கைப்பேசியில் ஒரு பாடலின் தொடக்கத்தை ஓடவிட்டேன். சிறிது நேரம் கழித்து அப்பாவின் குரல் வந்தது.

“ஏஞ்சாமி, காசு குடுத்து எரைச்சல வாங்குவாங்களா?”

அன்று சிரித்துக்கொண்டே தொலைபேசியை வைத்தேன்.

ஹெவி மெட்டலை எனக்கு அறிமுகம் செய்தவர் ஐசாலைச் சேர்ந்த விடுதி அறைத்தோழர். முதலாண்டில் ஆவணக் காப்பகத்திலிருந்து திரும்பும் மாலைகளில், விபத்துப் பதிவேடுகளில் வரிவரியாகப் படித்த விரல்களும் கைகளும் கண்ணை விட்டு அகலாத நிலையில், அவர் தம் ஹெட்ஃபோனைக் கழற்றி என் தலையில் மாட்டிவிடுவார். அந்த இசை எனக்கு ஆறுதல் கூறியது என்று சொல்லமாட்டேன். நான் படித்து வந்ததற்கு ஈடான கனத்தோடு ஒலித்தது. அப்போது அதுவே போதுமானதாயிருந்தது.

இவ்விசையின் பிறப்பும் ஒரு தொழிற்சாலை விபத்தோடு பின்னியது என்பதைப் பின்னரே அறிந்தேன். 1970 பிப்ரவரி 13 அன்று வெளிவந்த பிளாக் சபாத் குழுவின் முதல் இசைத்தட்டிலிருந்து ஹெவி மெட்டலின் வரலாற்றைத் தொடங்குவது பெருவழக்கு. அக்குழுவின் கிதார் கலைஞர் டோனி அயோமி, இங்கிலாந்தின் பர்மிங்காமில் உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1965-இல், தமது 17-ஆம் வயதில், வேலையை விட்டு விலகவிருந்த கடைசி நாளன்று இயந்திரம் அவருடைய வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகளைத் துண்டித்துவிட்டது. அவர் இடக்கைப் பழக்கமுடையவர். ஆகவே கம்பிகளை அழுத்தும் கை வலக்கைதான். மனமுடைந்திருந்தவரிடம் தொழிற்சாலையின் மேலாளர் ஒருவர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். தீ விபத்தில் இடக்கையின் இரு விரல்கள் செயலிழந்த பின்னும் ஜாஸ் கிதாரில் பெரும்பெயர் பெற்றவர் ரைன்ஹார்ட். அயோமி பிளாஸ்டிக் புட்டி ஒன்றை உருக்கி விரல் நுனிகளுக்கு உறை செய்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டார். தடித்த கம்பிகளை அழுத்த வலித்ததால் மெல்லிய கம்பிகளைப் பூட்டினார். 1971-இல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ இசைத்தட்டின் சில பாடல்களுக்குக் கம்பிகளின் சுருதியையும் மூன்று அரைச்சுரம் இறக்கித் தளர்த்தினார். தளர்ந்த கம்பியின் அந்தக் கனத்த ஒலியை உலகெங்கும் உள்ள மெட்டல் குழுக்கள் இன்றளவும் பின்பற்றுகின்றன.

இக்கதையைச் சொல்லி, துன்பமே கலையின் தாய் என்று முடிப்போர் உண்டு. தொழிலாளர் வரலாறு படிப்பவனால் அவ்வாறு முடிக்க இயலாது. அத்தகைய இயந்திரங்களில் விரல் இழந்து, இசைத்தட்டு கொடுக்க எவரும் வராமல், அத்தோடு வாசிப்பை நிறுத்தியவர்களின் கணக்கு யாரிடமும் இல்லை. நான் இக்கதையிலிருந்து எடுத்துக்கொண்டது சிறியதொரு நடைமுறைப் பாடம் மட்டுமே. அயோமி தம் கருவியைத் தம் கைக்கு ஏற்பத் திருத்திக்கொண்டார். நானும் என் கைக்கும், என் அறைக்கும், என் பணத்துக்கும் ஏற்பத்தான் தேர்ந்தெடுக்கவேண்டும். சுவரொட்டியில் இருக்கும் கலைஞரின் கைக்கு ஏற்ப அன்று.

கொல்கத்தாவில் லால்பஜாரை ஒட்டி, முன்பு சித்பூர் சாலை எனப்பட்ட ரவீந்திர சரணியில், இசைக்கருவிக் கடைகள் வரிசையாக உள்ளன. சித்தாரும் எஸ்ராஜும் ஹார்மோனியமும் தொங்கும் குறுகிய கடைகளுக்கு இடையே எலெக்ட்ரிக் கிதார்களும் தொங்கும். ஒரு கடையின் முதியவர் வங்காளமும் இந்தியும் கலந்து பேசுவார். அவரைத் தாதா என்று அழைத்தேன். எந்தக் கிதார் வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. “எங்கே உட்கார்ந்து வாசிக்கப் போகிறாய்?” என்று கேட்டார். விடுதி அறை, பத்தடிக்கு எட்டடி, இருவர் தங்குகிறோம் என்றேன். அதற்குப் பிறகுதான் நாற்காலியை விட்டு எழுந்தார்.

முதலில் அவர் விளக்கியது பிக்கப் பற்றி. எலெக்ட்ரிக் கிதாரின் எஃகுக் கம்பிகளுக்குக் கீழே காந்தமும் அதைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருளும் இருக்கும். கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறுபட்டுச் சுருளில் மின்னழுத்தம் தோன்றுகிறது, அதுவே பிக்கப். ஒற்றைச் சுருள் பிக்கப்பில் ஒரு சிக்கல் உண்டு. கம்பியின் அதிர்வோடு சுவரில் ஓடும் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முனகலையும், பழைய குழல்விளக்கின் சோக் எழுப்பும் ரீங்காரத்தையும் சேர்த்தே அது பிடித்துக்கொள்ளும். மென்மையான வாசிப்பில் அது பெரிதாகத் தெரியாது. மெட்டலிலோ டிஸ்டார்ஷன் சிறிய ஒலியையும் பெரிதாக்கிவிடும். ஆகவே முனகல் அருவியாகிவிடும். கிப்சன் நிறுவனத்தின் பொறியாளர் சேத் லவர் 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கர் இதற்குத் தீர்வு. இரண்டு சுருள்களை எதிரெதிர்த் திசையில் இணைத்து, காந்த முனைகளையும் எதிராக வைத்தால், வெளியிலிருந்து வரும் முனகல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கம்பியின் குறிகை மட்டும் கூடும். ஆகவே முதல் விதி: பிரிட்ஜை ஒட்டிய இடத்தில் ஹம்பக்கர் இல்லாத கிதாரை மெட்டலுக்கு வாங்கவேண்டாம். அறையின் மூன்று முனைச் செருகியில் எர்த் உண்மையில் வேலை செய்கிறதா என்பதையும் மின்பணியாளரைக் கொண்டு பார்த்துவிடுங்கள். எர்த் இல்லாத செருகியில் எந்தக் கிதாரும் முனகும், ஆபத்தும் உண்டு.

இரண்டாவது, பிரிட்ஜ். என் கண் முழுவதும் கைப்பிடி பொருத்திய மிதவைப் பிரிட்ஜ் மீதே இருந்தது. கைப்பிடியை அழுத்தினால் கம்பிகள் அனைத்தும் ஒருசேரத் தளர்ந்து, ஒலி பாதாளத்துக்கு விழும். தாதா தலையசைத்து மறுத்தார். மிதவைப் பிரிட்ஜ், ஒருபுறம் கம்பிகளின் இழுப்பும் மறுபுறம் சுருள்வில்களின் இழுப்புமாகச் சமநிலையில் நிற்பது. ஒரு கம்பியின் சுருதியை மாற்றினால் மற்ற ஐந்தும் நகர்ந்துவிடும். விலை உயர்ந்தவற்றில் உலோகத்தின் தரம் அதைத் தாங்கும். மலிவானவற்றில் வாசிப்பதைவிடச் சுருதி சேர்ப்பதற்கே பொழுது போகும். மெட்டலிலோ தாழ்ந்த கம்பியை ஒரு பாட்டுக்கு இறக்குவதும் மறு பாட்டுக்கு ஏற்றுவதும் அன்றாட வேலை. எனவே இரண்டாம் விதி: பணம் குறைவென்றால் அசையாப் பிரிட்ஜ்.

இவ்விரு விதிகளுக்கும் பொருந்தியது பழைய ஐபனெஸ் ஜிஆர்ஜி 121 டிஎக்ஸ். இரண்டு ஹம்பக்கர், அசையாப் பிரிட்ஜ், 25.5 அங்குலக் கம்பி நீளம். நீளம் கூடினால் அதே சுருதிக்கு இழுவிசையும் கூடும். ஆகவே தாழ்ந்த சுருதியிலும் கம்பி துவளாது. விலை 11,500 ரூபாய் என்றார். யமஹா பசிபிகா 012-உம் இருந்தது. அதன் பிரிட்ஜ் அருகில் ஹம்பக்கர் உண்டு, ஆயினும் பிரிட்ஜ் அசையும் வகை. பல வகை இசையும் வாசிக்க விரும்புவோர்க்கு அது நல்ல கருவி.

பழைய கிதாரைச் சோதிக்கத் தாதா கற்றுத்தந்ததை அப்படியே தருகிறேன். ஒரு கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு நடுவில் பாருங்கள். ஒரு தாள் நுழையும் இடைவெளி இருக்கவேண்டும். மிகுதியாக இருந்தால் கழுத்து வளைந்துள்ளது. திருகாணியால் ஓரளவு சரிசெய்யலாம். பின்பு ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் வாசித்து எங்கே கரகரக்கிறது என்று கேளுங்கள். பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு நேர் மேலே கம்பியை மெல்லத் தொட்டு எழுப்பும் மேற்சுரமும், அதே ஃப்ரெட்டில் அழுத்தி எழுப்பும் சுரமும் ஒன்றாயிருக்கவேண்டும். குமிழ்களைத் திருப்பும்போது சரசரப்பு வந்தால் துடைத்தால் போய்விடும். கேபிள் செருகும் துளை தளர்ந்திருந்தால் பற்றவைத்தால் சரியாகும். இவற்றுக்காக விலையைக் குறைக்கக் கேட்கலாம். கழுத்து முறுக்கியிருந்தால் மட்டும் எந்த விலைக்கும் வாங்கக்கூடாது.

கிதார் முடிவாயிற்று. ஆம்ப்பில்தான் நான் தடுமாறினேன்.

கடையின் மூலையில் பழைய 100 வாட் ஆம்ப் ஒன்று நின்றது. 12 அங்குல ஒலிபெருக்கிகள் இரண்டு, இடுப்பளவு உயரம். விலை 13,500. கிதாரோடு சேர்த்தால் கையிலிருந்த தொகைக்கு மிகச் சரியாக வந்தது. அதனருகே 20 வாட் டிரான்சிஸ்டர் ஆம்ப் ஒன்று. 8 அங்குல ஒலிபெருக்கி, ஹெட்ஃபோன் துளை, 6,000 ரூபாய். என் உள்ளம் பெரியதிலேயே இருந்தது. நாளை வருகிறேன் என்று சொல்லிவிட்டு விடுதிக்குத் திரும்பி, அன்றிரவு கணக்குப் போட உட்கார்ந்தேன்.

வாட் ஐந்து மடங்கு கூடினால் ஓசை ஐந்து மடங்கு கூடுவதில்லை. ஓசையின் அளவு மடக்கை முறையில் ஏறுவது. ஆற்றல் பத்து மடங்கானால் 10 டெசிபெல் கூடும். காதுக்கு அது ஏறத்தாழ இரு மடங்காகவே தோன்றும். 20 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் உள்ள வேறுபாடு 7 டெசிபெல் மட்டுமே. அந்த 7 டெசிபெலுக்காக நான் 7,500 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கவிருந்தேன். அப்படியானால் குறைந்த ஆற்றலில் என்ன ஓசை வரும் என்று பார்க்கலாம் என்று ஒலிபெருக்கிகளின் விவரத்தாள்களைத் தேடினேன். கிதார் ஒலிபெருக்கிகள் ஒரே ஒரு வாட்டுக்கு, ஒரு மீட்டர் தொலைவில், பொதுவாக 95 முதல் 100 டெசிபெல் வரை எழுப்புபவை. நான் பார்த்த தாளில் 97 என்று இருந்தது.

அந்த எண்ணை எங்கோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. எங்கே என்று நினைவுக்கு வரச் சிறிது நேரமாயிற்று.

என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில், சணல் ஆலைத் தறிக்கூடங்களின் இரைச்சல் பற்றிய ஓர் அடிக்குறிப்பில் அத்தகைய எண்கள் கிடந்தன. பணியிட இரைச்சலுக்கு அமெரிக்காவின் தேசியத் தொழில்பாதுகாப்பு, உடல்நல நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பையும் அங்கேயே எழுதியிருந்தேன்: 85 டெசிபெல் என்றால் நாளொன்றுக்கு 8 மணி நேரம், ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். அவ்வாறெனில் 97 டெசிபெலுக்கு அரை மணி நேரம். 100 டெசிபெலுக்குக் கால் மணி நேரம். நாடா அடிக்கும் விசைத்தறிக் கூடங்களின் இரைச்சல் 90 டெசிபெலைத் தாண்டிச் செல்வது அளந்தறியப்பட்ட செய்தி. அப்பாவின் பணிநேரம் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம். 31 ஆண்டுகள்.

நூற்றாண்டுக்கு முந்தைய தொழிலாளர்களின் காதுகளைப் பற்றி அடிக்குறிப்பு எழுதிய எனக்கு, தொலைபேசியில் பேச்சு பிடிபடாத மனிதரின் காதுகளைப் பற்றி ஒரு கேள்விகூட எழுந்ததில்லை. அப்பா அப்படித்தான், உரக்கப் பேசவேண்டும் என்று வளர்ந்த வீடு எங்களுடையது. எங்கள் தெருவே உரக்கப் பேசும் தெரு. “கேக்குது சாமி, என்ன சொல்றேன்னுதான் வெளங்கல” என்று அவர் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார். இரைச்சலால் கேட்டல் குறையும்போது முதலில் தேய்வது உயர்ந்த அதிர்வெண்கள். பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி. உயிரெழுத்துகளின் ஓசை காதில் விழும். சகரமும் தகரமும் போன்ற மெய்களின் கூர்மை மறையும். யாரோ பேசுகிறார் என்று தெரியும், சொல் தெரியாது. அப்பாவின் அந்த ஒரு வாக்கியம் மிகச் சரியான நோய்க்குறிப்பாக இருந்திருக்கிறது. நான் அதை முதுமை என்று நினைத்திருந்தேன். அவருக்கு அப்போது வயது 54.

காசு கொடுத்து இரைச்சலை வாங்குவார்களா என்று அவர் கேட்டதன் பொருள் அன்றிரவுதான் எனக்கு எட்டியது. அவர் ஒவ்வொரு வாரமும் கூலி பெற்றுக்கொண்டு இரைச்சலை ஏற்றவர். அதைப் பணம் கொடுத்தும் வாங்குவார்கள் என்பது அவருக்கு உண்மையிலேயே வியப்பாக இருந்திருக்கும்.

அன்றிரவு கிதாரே வேண்டாம் என்றுதான் முடிவு செய்தேன். விடியற்காலையில் அறைத்தோழரிடம் சொன்னபோது அவர் கண்ணைக்கூடத் திறக்காமல் சொன்னார்: “மெட்டல் உரத்த இசை என்று உனக்கு யார் சொன்னது? கனத்த இசை. இரண்டும் வேறு.”

அவர் சொன்னதை இன்று வரை என் கையால் சோதித்து வருகிறேன். பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. மெட்டலின் அடிப்படைக் கட்டுமானம் பவர் கார்டு எனப்படும் இரு சுரக் கூட்டு. நம் மரபில் சொன்னால் சட்ஜமும் பஞ்சமமும். பழந்தமிழிசையில் குரலும் இளியும். தம்பூரா மீட்டும் அதே உறவு. அதிர்வெண்களில் இரண்டுக்கு மூன்று. கிதாரின் தாழ்ந்த கம்பி 82 ஹெர்ட்ஸ் என்றால் அதன் பஞ்சமம் 123 அல்லது 124. இவ்விரண்டும் டிஸ்டார்ஷன் வழியே செல்லும்போது அவற்றின் வேறுபாடாகிய 41 ஹெர்ட்ஸும் புதிதாகத் தோன்றுகிறது. விரல் எதுவும் அந்தச் சுரத்தை வாசிக்கவில்லை. அது குரலுக்குக் கீழே ஒரு மண்டிலம் தாழ்ந்து, தளம்போல் வந்து அமர்கிறது. இடையில் காந்தாரத்தையும் சேர்த்தால் இத்தகைய புதிய ஒலிகள் பெருகி ஒன்றோடொன்று மோதிக் கலங்கும். அதனால்தான் மெட்டல் கலைஞர்கள் பெரும்பாலும் காந்தாரத்தை விட்டுவிடுகிறார்கள். அடுத்தது, உள்ளங்கையின் ஓரத்தைப் பிரிட்ஜ் மீது வைத்துக் கம்பியை அடக்கி வாசிக்கும் முறை. கனம் பிறப்பது அடிக்கும் இடத்தில் மட்டுமன்று. இரண்டு அடிகளுக்கு இடையே ஒலியை முற்றாக நிறுத்தும் இடத்திலும்தான். இவை எவற்றுக்கும் நூறு வாட் தேவையில்லை.

ஒன்றை மறைக்கக்கூடாது. ஓசை குறையும்போது தாழ்ந்த சுரங்களைக் காது கூடுதலாக இழக்கிறது. ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இல் வெளியிட்ட ஆய்விலிருந்தே அறியப்பட்ட உண்மை இது. ஆகவே சிறிய ஆம்ப் மெல்லிய ஓசையில் வறண்டு ஒலிக்கும். தாழ்சுரக் குமிழைச் சற்று ஏற்றியும், டிஸ்டார்ஷனை நாம் விரும்புவதைவிடக் குறைத்தும் வைத்தால் பெருமளவு ஈடுசெய்யலாம். புதிதாகத் தொடங்குவோர் டிஸ்டார்ஷனை முழுதும் திருப்பி வைப்பார்கள். ஓசை கனக்காது, குழையும்.

மறுநாள் 20 வாட் ஆம்ப்பையே வாங்கினேன். கணக்கு இவ்வாறு: கிதார் 11,500, ஆம்ப் 6,000, புதிய கம்பிகள் பூட்டி, கம்பி உயரமும் கழுத்தும் சீர்செய்ய 1,200, கேபிள், தோள்பட்டை, பிக்குகள் 900. மொத்தம் 19,600. சுருதி சேர்க்கக் கைப்பேசியில் இலவசச் செயலி. எஞ்சியது 5,400 ரூபாய். தாதா பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, பெரியதை விற்றிருந்தால் தமக்கு இலாபம் கூடுதல் என்றும், ஆனால் மூன்று மாதத்தில் விடுதியிலிருந்து விரட்டப்பட்டு அதைத் திருப்பி விற்க நான் அவரிடமே வந்து நிற்பேன் என்றும் சொன்னார்.

எஞ்சிய பணத்தோடு பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். அப்பாவை ஈரோட்டுக்கு அழைத்துச் சென்று கேட்டல் சோதனை செய்தோம். அவர் வர மறுத்தார்; “எனக்கு என்றா கேடு, நல்லாத்தான இருக்கறேன்” என்றார். ஒலிபுகா அறைக்குள் ஹெட்ஃபோன் அணிந்து, ஓசை கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தும்படி சொன்னார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். எனக்கே மெலிதாகக் கேட்ட சில ஓசைகளுக்கு அவர் விரல் அசையவில்லை. வரைபடத்தில் கோடு 4,000 ஹெர்ட்ஸை நெருங்கும்போது கிணற்றில் இறங்குவதுபோல் இறங்கியிருந்தது. உட்செவியின் மயிர்ச் செல்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. போனது திரும்பாது, இருப்பதைக் காக்கலாம், கேட்புக்கருவி ஓரளவு உதவும் என்று மருத்துவர் சொன்னார். கருவிக்கு இப்போது பணம் சேர்த்து வருகிறோம். அன்று மீதமிருந்த பணத்தில் காதுகளை முழுவதும் மூடும் காப்பு ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். அதுவரை கழிவுப் பஞ்சை உருட்டிக் காதில் வைத்துக்கொள்வதுதான் தறிக்கூடத்தின் வழக்கம்.

அவர் அதை மகிழ்ச்சியோடு ஏற்றார் என்று எழுத ஆசைதான். “தறிச் சத்தம் கேக்காம எப்பிடிச் சாமி தறி ஓட்டறது?” என்றார். நியாயமான கேள்வி. தறியில் எது தளர்ந்தது, எது உடையப்போகிறது என்பதை ஓசையால் அறிவதே அவர்களின் கல்வி. பின்பு தாமே சொன்னார்: “கைய வெச்சாலும் தெரியுமுங்கறது வேற.” இப்போது வாரத்தில் மூன்று நாள் அணிகிறார் என்று அம்மா சொல்கிறார்.

அந்தப் பொங்கலுக்குக் கிதாரையும் ஆம்ப்பையும் தொடர்வண்டியில் ஏற்றிக் கொண்டுபோயிருந்தேன். மாட்டுப்பொங்கலன்று தறிகள் நின்றிருந்தன. தெரு வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருந்தது. முற்றத்தில் உட்கார்ந்து, ஓசையை மிகக் குறைத்து வைத்து, ஆறு மாதமாகப் பழகிய ஒரு பகுதியை வாசித்தேன். அப்பா எதிரே வந்து நின்று என் வலக்கையைப் பார்த்தார். பிறகு ஆம்ப்பின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தார். முழுவதும் வாசித்து முடித்ததும் இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

“மூணாவது அடி முந்திக்குது சாமி.”

நான் இல்லை என்றேன். அவர் மறுவார்த்தை பேசாமல் உள்ளே போய்விட்டார். இரவு கைப்பேசியில் மெட்ரோனோமோடு பதிவு செய்து கேட்டேன். மூன்றாவது அடி முந்திக்கொண்டிருந்தது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 முறை நாடா பாயும் தறிகளை 31 ஆண்டுகள் ஓட்டியவருக்கு, அதே வேகத்தில் செல்லும் ஓர் அடி எங்கே விழவேண்டும் என்பதில் ஐயமே இல்லை.

உள்பெட்டியில் கேட்ட தம்பிக்குச் சுருக்கமான விடை: பிரிட்ஜ் அருகே ஹம்பக்கர், அசையாப் பிரிட்ஜ், நேரான கழுத்து. இம்மூன்றும் அமைந்த பழைய கிதாருக்குப் பணத்தில் ஏறத்தாழப் பாதியை ஒதுக்குங்கள். சீர்செய்வதற்கு ஆயிரம் ரூபாயேனும் தனியே வையுங்கள். மலிவான கிதாரைத் தரமான கிதாராக உணரச் செய்வது அந்த ஆயிரமே. ஆம்ப் 20 வாட்டுக்கு மேல் வேண்டாம். ஹெட்ஃபோன் துளை கட்டாயம் வேண்டும். மடிக்கணினியும் நல்ல ஹெட்ஃபோனும் ஏற்கெனவே இருந்தால், ஆம்ப்புக்குப் பதிலாக ஒலி இடைமுகக் கருவி ஒன்றை வாங்கி, நியூரல் ஆம்ப் மாடலர் போன்ற இலவச மென்பொருளில் வாசிக்கலாம். ஆனால் ஹெட்ஃபோனும் ஒலிபெருக்கிதான். அருகிலிருப்பவர் இயல்பான குரலில் கூப்பிட்டால் கேட்கும் அளவுக்கு மேல் ஏற்றாதீர்கள். நண்பர்களோடு மத்தளத்தொகுதியும் சேர்ந்து வாசிக்கும் நாள் வந்தால், பிக்கு வாங்கும் கடையிலேயே காதடைப்பானும் வாங்கிவிடுங்கள்.

வீட்டில் இரைச்சல் என்றால், உடனே மறுத்துப் பேசாமல், ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்று ஒருமுறை கேளுங்கள். நான் அதைக் கேட்க ஓர் ஆம்ப்பின் விவரத்தாள் தேவைப்பட்டது.

வாங்கிய பின் எழுதுங்கள். எனக்கு மூன்றாவது அடி இன்னும் அவ்வப்போது முந்திக்கொள்கிறது. விடுமுறைக்கு ஊர் போகுமுன் சரிசெய்தாகவேண்டும்.